உறை மாறிய இசைத்தட்டு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா கொடுத்தது. கொடுத்தாள் என்பதைவிட என் தலையில் கட்டிவிட்டாள் என்பதுதான் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்தவள், என் கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிடுங்கி, அவளே உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"நீ கதைக்கெல்லாம் முடிவு எழுதுறவன்தானே? எனக்கு ஒண்ணு சொல்லு."

எந்தக் கதைக்கு என்று கேட்டேன். சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது பாதித் துணி வாளியிலேயே கிடந்தது. என்னிடம் முடிவு எதுவும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே அவள் கையில் கொடுத்துவிட்டு வேறு எதையாவது எழுதப் போயிருப்பேன்.

ஆகவே ஓர் எச்சரிக்கை. இது நல்லபடியாக முடியும் என்று நம்பி யாரும் உள்ளே வர வேண்டாம். நான் நம்பவில்லை. எழுதுகிறவனே நம்பாத கதையில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள் சிலவற்றை இங்கேயே போட்டுவிடுகிறேன். குப்பைக் கூடை நிரம்பிவிட்டது.

"என் அத்தானுக்கு எல்லா இசையும் பிடிக்கும்."

இது வேண்டாம். இதை எல்லோரும் சொல்கிறார்கள். 'எல்லாப் பாட்டும் கேப்பேன்' என்று ஒருவர் சொன்னால், எதையும் கேட்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அத்தான் அந்த ரகம் இல்லை.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஒலிபெருக்கியிலிருந்து கசிந்த வயலின் அந்த அறை முழுவதையும் ஒரு"

ஒரு என்ன? ஒரு நதியைப்போல என்று கை தன்பாட்டுக்குப் போனது. பிடித்து நிறுத்தினேன். அன்று மழையும் பெய்யவில்லை.

"அத்தான் பொய் சொன்னார்."

இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரிக்குள் அவரை அயோக்கியர் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அப்புறம் எத்தனை பக்கம் எழுதினாலும் அதைத் துடைக்க முடியாது. வாசகர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருவன்தானே.

சரி, சுற்றி வளைக்காமல் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

3

அக்காவின் கணவர், அதாவது அத்தான், அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாவல், கவிதை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, எறும்பு எழுத்தில் ஒரு தாள், நாம் பிரித்தும் பார்க்காமல் தூக்கிப் போடுவோமே, அது அச்சுக்குப் போகுமுன் வரிவரியாகப் படிப்பவர். ஒரு புள்ளி இடம் மாறினால் யாரோ ஒருவர் பத்து மடங்கு மருந்தை விழுங்கிவிடுவார். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாளெல்லாம் கேட்பது அவள் பிழைப்பு. எழுத்து கண்ணுக்குத் தெரியாமலேயே பரிசோதனைப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு வந்து ஒப்பிக்கிறவர்கள் உண்டாம். லாரி ஓட்டுகிறவர்கள் அதிகம். அவர்கள் வாயைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவாள்.

இவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள். சுரங்கத் தொழிலாளிகள் மண்வெட்டிச் சத்தத்தோடு பாடியது, என்றைக்கோ செத்துப்போன ராஜாவின் அரண்மனையில் ஆடியவர்களுக்கு வாசித்தது, தெருமுனைப் பிள்ளைகள் ஆத்திரத்தில் கொட்டிய ராப், ஒரே ராகத்தை ஒரு பக்கம் முழுக்க இழைத்த வாய்ப்பாட்டு, கன்னியாஸ்திரீகளின் கூட்டுப்பாட்டு, கித்தாரை வாசிக்கிறார்களா உடைக்கிறார்களா என்று புரியாத ஒன்று, ஜாஸ், தாலாட்டு, ஏதோ ஒரு கம்பெனி தன் சோப்புக்காகப் போட்ட விளம்பரப் பாட்டு. அந்தச் சோப்புப் பாட்டுக்கும் மற்றவற்றுக்குக் கொடுக்கிற அதே மரியாதைதான். "முழுசாக் கேட்டுட்டுத் திட்டு மச்சான்" என்பார் அத்தான் என்னிடம். முழுதாகக் கேட்ட பிறகு திட்ட அவருக்கு மனம் வந்து நான் பார்த்ததில்லை.

இருவருக்கும் சமையல், சொந்தக்காரர்கள், மின்விசிறியின் வேகம் எல்லாவற்றிலும் சண்டை வரும். இதில் மட்டும் வராது. சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஒரு தட்டு, அவள் ஒரு தட்டு என்று மாறி மாறிப் போடுவார்கள். ஓடுகிற தட்டின் உறையை எதிரில் முக்காலியில் சாய்த்து நிறுத்துவது வழக்கம், பாடுகிறவரை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக உட்கார வைக்கிற மாதிரி.

இங்கேதான் அக்காவின் அவசரப் புத்தியைச் சொல்ல வேண்டும். அடுத்த தட்டைப் போடுகிற பறப்பில், கழற்றிய தட்டைக் கையில் கிடைத்த உறைக்குள் செருகிவிடுவாள். ஒரே மாதிரி இசை கேட்கிற வீட்டில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. இந்த வீட்டிலோ கன்னியாஸ்திரீகளின் உறைக்குள்ளிருந்து கித்தார் உடைப்பவர்கள் வருவார்கள். ஊசி வைத்ததும் அத்தான் கண்ணை மூடியபடியே, "வீடு மாத்திக் குடி வந்துட்டாங்க" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ச் சரியான உறையைத் தேடுவாள். மாடியில் இருக்கும் எனக்கே அந்தச் சிரிப்பு கேட்கும்.

[ஒரு குறிப்பு: எனக்கு இசை ஞானம் சுத்தமாகக் கிடையாது. எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சிரிப்புதான். இந்தக் கதையை எழுதத் தகுதியில்லாதவன் என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன்.]

4

போன வருடம் அத்தானுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆள் பிழைத்தார். காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால், சட்டைப் பித்தானைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வில்லை காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதல்முறை இயக்கிய நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். அக்கா அவர் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து, "நான் பேசுறது கேக்குதாங்க?" என்றாள்.

"கேக்குது. வாளிக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி கேக்குது."

அக்கா அழுதாள். கருவியைச் சரிபார்க்கிற பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாளாக ஆகப் பேச்சு தெளிந்துவிடும் என்றார்கள், அப்படியே தெளிந்தது. இப்போது தொலைபேசியில்கூடப் பேசுகிறார்.

கருவியை இயக்கிய அன்று சாயங்காலமே அக்கா ஒரு தட்டைப் போட்டாள். போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

"எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு" என்றார் அத்தான். பழையபடி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

(இந்த இடத்தில் அவர் முகத்தை வர்ணிக்க வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதலில் தியாகி மாதிரி வந்தது, அடுத்து திருடன் மாதிரி. மூன்றாவதில் வெறும் முகம்தான் இருந்தது. எதுவும் வேண்டாம்.)

5

நடந்தது இதுதான்.

அன்று அக்காவின் முறை. வயலின் வில்லை மெதுவாக இழுத்து ஒற்றை ஆள் வாசித்த தட்டு ஒன்று உண்டு, அதை எடுத்தாள். உறையை முக்காலியில் நிறுத்தினாள். ஊசியை வைத்தாள்.

வந்தது வயலின் இல்லை. ஒரு பெண்ணின் குரல். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், ஏதோ ஒரு மலைநாட்டுப் பாஷையில், செத்துப்போன ஒருவரை நினைத்து அவள் தனியாகப் பாடியது. என்றைக்கோ அக்காவே உறை மாற்றிச் செருகியிருக்கிறாள்.

அக்கா சிரிக்கத் தயாராகக் காத்திருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் பார்த்துப் பார்த்துத்தான் உறையில் போட்டு வந்தாள், இப்படி மாறிப்போவது அதுதான் முதல்முறை. 'வீடு மாத்திக் குடி வந்துட்டாங்க' என்ற வார்த்தைக்காகக் காது அரித்தது என்று சொன்னாள்.

அத்தான் முக்காலியைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

"அந்த வில்லை எவ்வளவு நிதானமா இழுக்கிறான் பாரு. அவசரமே இல்ல அவனுக்கு."

அந்தப் பெண் பாட்டின் நடுவே மூச்சு வாங்கினாள். அந்த மூச்சுகூடத் தட்டில் பதிவாகியிருக்கும்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. பக்கம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கடையில் செய்கிறதை வீட்டில் செய்தாள். பலகையைத் திருப்பினாள், அதாவது வேண்டுமென்றே உறையை மாற்றி நிறுத்தினாள். அவர் உறையில் இருந்ததைப் பாராட்டினார். அடுத்த நாளும் அப்படியே. அவர் முறை வந்தபோதெல்லாம் மேளமும் பறையும் முரசும் உள்ள தட்டாகத் தேடி எடுக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தட்டுகளில் மட்டும் தொடையில் சரியாகத் தாளம் போடுவார். வேறு தட்டுகளில் அவர் கை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கடைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, கருவியைச் சரிபார்க்கிற பெண்ணைப் பார்க்கப் போனாள்.

"அவர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே மேடம். இது பேச்சுக்காகச் செஞ்சது. தாளம் தெரியும். சுருதி, குரல், எது என்ன வாத்தியம், அதெல்லாம் பிடிபடாது. சிலருக்குப் பழகப் பழகக் கொஞ்சம் மேல. சிலருக்கு அதுவும் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்ல நானே சொல்லிக்கிறேன்னாரு. சொல்லலையா?" என்று கேட்டாளாம்.

இந்தக் கருவி வழியாக இசை ஏறக்குறைய எப்படி இருக்கும் என்று காட்ட அவர்களிடம் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. அக்கா கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். குழந்தைகளெல்லாம் பாடுகிற ஒரு சாதாரணப் பாட்டைப் போட்டார்கள்.

"தகர டப்பால ஆணியப் போட்டுக் குலுக்குற மாதிரிடா" என்றாள் மாடியில் என்னிடம். "நான் காதப் பொத்திக்கிட்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. இந்த மனுஷன் ஒரு வருஷமா, தினம் ஒரு மணி நேரம், என் எதுத்தாப்புல உட்காந்து நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருக்காரு."

6

இப்போது கதைக்காரனாக நான் சந்தேகப்பட வேண்டிய இடம். இப்படி ஓர் ஆள் இருப்பாரா? வாசகர் ஒருவர் கேட்பார், எனக்கு இப்போதே கேட்கிறது: 'தினம் அவஸ்தைப்படுவதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?'

ஐயா, நீங்களே சொல்லிப் பாருங்கள். உங்கள் காது போனதே என்று இடிந்து கிடந்தவள் உங்கள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து அழுகிறாள். அன்று சாயங்காலமே அழுகையும் சிரிப்புமாக ஒரு தட்டைப் போட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள். 'எப்படி இருக்கு?' என்கிறாள். அந்த நிமிடத்தில் தகர டப்பா என்று சொல்கிற வாய் யாருக்கு இருக்கிறது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். நாளைக்கு இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. மூன்றாம் பகுதியில் நான் அடுக்கினேனே, சுரங்கத் தொழிலாளிகள், ராப், கூட்டுப்பாட்டு என்று. உங்களுக்கு ஏதாவது கேட்டதா? ஒரு சுரம்? ஒன்றும் கேட்டிருக்காது. நான் காட்டியது உறைகளைத்தான். நீங்களும் உறையைப் படித்துவிட்டுத் தலையாட்டினீர்கள். எழுதிய எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இசையைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்து, கடைசியில் எழுதுகிறவனும் படிக்கிறவனும் அத்தானின் நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறோம். இது தெரிந்த அன்றைக்கே பேனாவை மூடியிருக்க வேண்டும்.

அந்த மலைநாட்டுப் பெண் பாடியதை எப்படியாவது எழுதிவிட வேண்டும் என்று முயன்றேன். "அவள் குரல்

அவ்வளவுதான் வந்தது. அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

7

கேட்டாளே என்று சில முடிவுகளை எழுதிக்கொண்டு போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கடையில் மத்தியான இடைவேளை, பின்னறையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

முதல் முடிவு: அக்கா அவரிடம் சொல்லிவிடுகிறாள். எனக்குத் தெரியும், இனி வேண்டாம் என்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

"அழுது முடிச்சிட்டு?" என்றாள் அக்கா. "மறுநாள் சாயங்காலம் வருமே. நான் எங்க உட்காருவேன், அவர் எங்க உட்காருவார்? எங்களுக்கு வேற என்னடா இருக்கு?"

இரண்டாவது: அவரே சொல்லிவிடுகிறார்.

"சொல்றவரா இருந்தா சொல்லியிருப்பாரு."

மூன்றாவது: பாட்டு ஆரம்பித்ததும் காதுக்குப் பின்னாலிருக்கும் வில்லையை அக்காவுக்குத் தெரியாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். ஒரு மணி நேரம் நிம்மதியான நிசப்தம். அக்காவும் தெரியாத மாதிரி இருந்துவிடுகிறாள்.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"நடுநடுவுல நான் ஏதாவது சொல்லுவேன்டா. 'இந்த இடம் கேட்டீங்களா'ன்னு. அதுக்குப் பதில் சொல்லணும்னுதான் கழட்டாம உட்காந்திருக்காரு. இது புரியலையா உனக்கு? என்ன எழுத்தாளன் நீ?"

நான்காவது: பழகப் பழக அவர் மூளை தேறுகிறது. ஒரு சாயங்காலம் திடீரென்று 'வீடு மாத்திக் குடி வந்துட்டாங்க' என்கிறார்.

நான் இதைப் படித்து முடித்ததும் அவள் மிச்சச் சோற்றை ஒதுக்கினாள். பாத்திரத்தை மூடினாள். அதைப் பார்த்து, இப்படி ஒரு முடிவை எழுதியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அவளும் அதே முடிவைத்தான் தினம் எதிர்பார்த்து உறையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"எனக்கும் பாட்டு கேக்க முடியலடா இப்ப" என்றாள் எழுந்து கை கழுவும்போது. "எதப் போட்டாலும் அவர் கைதான் கண்ணுல படுது. நாற்காலிய இறுக்கிப் பிடிச்சிருக்காரு. நான் நிறுத்தினா அவருக்குத் தெரிஞ்சிடும், நான் கண்டுபிடிச்சிட்டேன்னு. நிறுத்தலேன்னா அவருக்கு வலிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

வெளியே யாரோ கண் பரிசோதனைக்குக் காத்திருப்பதாகக் கடைப்பெண் வந்து சொன்னாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று அவள் கேட்பது பின்னறைவரை கேட்டது.

8

இதை எழுதாமல் விட்டுவிடுவது என்று முடிவு செய்து அவளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுது. முழுசா எழுது. நீ எத எழுதினாலும் முதல்ல அவர்தானே படிப்பாரு?"

அது உண்மை. நான் எழுதிய எதுவும் அத்தானின் பென்சில் படாமல் அச்சுக்குப் போனதில்லை. வேலை முடிந்து வந்தும் மருந்துத் தாளைப் படிக்கிற அதே கண்ணால் என் கதையைப் படிப்பார். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் திருத்துவார். கதையைப் பற்றி ஓரத்தில் ஒரு வரி எழுதுவார், அதுவும் எழுத வேண்டும் என்று தோன்றினால்தான். தோன்றவில்லையென்றால் திருத்தம் மட்டும் இருக்கும்.

"என் வாயால சொல்ல முடியாது" என்றாள் அக்கா. "காதால கேக்கவும் வேணாம் அவர். படிக்கட்டும்."

இது கோழைத்தனம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு மனுஷனின் ஒரு வருடப் பொய்யை இப்படித் தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்து, ஒற்றுப்பிழை பார்த்துத் தரச் சொல்வதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். இருவரும் தேடிப் பார்த்துவிட்டோம்.

9

அத்தான்,

இதுவரை யாரோ வாசகர்களிடம் பேசுகிற மாதிரி எழுதிக்கொண்டு வந்தேன். நீங்கள் இரண்டாவது பக்கத்திலேயே பிடித்திருப்பீர்கள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது சாயங்காலமாக இருக்கும். அக்கா ஒரு தட்டைப் போட்டிருப்பாள். சரியான உறையைத்தான் நிறுத்தியிருப்பாள், இன்றைக்கு அதைச் சரிபார்த்துவிட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். நான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் கேட்டால் செருப்பு தேடுவதாகச் சொல்வேன். உங்கள் பென்சில் ஐந்தாம் பகுதியில் நின்றிருக்கும். அது நின்றதை அவள் பார்த்திருப்பாள், ஏனென்றால் அவள் உங்களைத் தவிர வேறு எதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. அவளுக்கும் இல்லை. எங்களுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பாட்டு உங்களுக்குத் திரும்பி வராது என்பதும் எங்களுக்குத் தெரியும். நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அது மாறப்போவதில்லை.

நிமிர்ந்து அவளைப் பார்த்தீர்களானால் அவள் எழுந்து போய் ஊசியை எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த அறையில் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நிமிராமல் அடுத்த தாளுக்குப் போனீர்களானால் பாட்டு ஓடும், நாளைக்கும் ஓடும், அவளும் எதுவும் தெரியாதவளாகவே இருந்துவிடுவாள். இதில் எது உங்களுக்கு வலி குறைவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் முடிவு எழுதவில்லை. கடைசித் தாளில் பாதியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு: அத்தான் கீழே என்ன எழுதினாலும் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே அச்சிடும்படி பத்திரிகையில் சொல்லியிருக்கிறேன். இதற்குக் கீழே ஏதாவது இருந்தால் அது அவர் எழுதியது. ஒன்றுமே இல்லையென்றால்